ஈக்வினாக்ஸ்: ஒரு ஜப்பானியப் பந்தயக் குதிரையின் ஓட்ட நாட்குறிப்பு

17 ஏப்ரல் 2022, நகயாமா
சத்சுகி ஷோ பந்தயம், 2000 மீட்டர். கிடைத்தது 18-ஆம் கேட் (தொடக்க வாயில்), வெளிக்கோடி. நவம்பருக்குப் பிறகு இதுதான் முதல் ஓட்டம். முன்னால் மறைவுக்கு ஒரு குதிரையும் இல்லாததால் காற்றைத் தானே வாங்கிக்கொண்டு ஓடியது. கடைசியில் ஜியோகிளிஃப் ஒரு குதிரை நீளத்தில் முந்திவிட்டது. இரண்டுமே பயிற்சியாளர் கிமுரா தெட்சுயாவின் லாயத்துக் குதிரைகள்.

29 மே 2022, டோக்கியோ
டெர்பியிலும் அதே 18! ஜாக்கி லெமேர் இந்த முறை நன்றாகப் பின்னால் வைத்து ஓட்டினார். டோ டியூஸ் ஒரு நொடி முன்னதாக நகர்ந்தது, கழுத்தளவில் தோல்வி. நேரம் 2:21.9, டெர்பி சாதனை. குதிரையில் குறையில்லை, தொடங்கிய இடம்தான் தூரம்.

30 அக்டோபர் 2022, டோக்கியோ
தென்னோ ஷோ. பாந்தலாஸா முதல் 1000 மீட்டரை 57.4 விநாடியில் கடந்தது. 1998-இல் இதே பந்தயத்தில் சைலன்ஸ் சுசுகாவும் அதே 57.4-இல் போய், நான்காவது வளைவுக்கு முன் கால் உடைந்து நின்றது. பழைய ரசிகர்களுக்கு வயிறு கலங்கியிருக்கும். கடைசி 600 மீட்டருக்கு பாந்தலாஸா எடுத்தது 36.8, ஈக்வினாக்ஸ் 32.7. நான்கு விநாடி இடைவெளியை அந்த நீண்ட நேர்ப்பாதையில் விழுங்கி, ஒரு நீளத்தில் வெற்றி. ஐந்தாவது ஓட்டத்திலேயே முதல் ஜி1 (உச்சநிலைப் பந்தய) வெற்றி.

25 டிசம்பர் 2022
அரிமா கினென், இரண்டரை நீளத்தில் வெற்றி. நகயாமாவின் குட்டை நேர்ப்பாதையும் தடையாகவில்லை.

25 மார்ச் 2023, மேதான்
துபாய் ஷீமா கிளாசிக். பின்னால் இருந்து வரும் குதிரை என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள்: கேட்டிலிருந்து கடைசிவரை முன்னிலை. லெமேர் பிடியைத் தளர்த்தியும் 2:25.65, மைதானச் சாதனை.

25 ஜூன் 2023, ஹன்ஷின்
தகராசுகா கினென். பின்வரிசை, வெளிப்பக்கச் சுற்று. கழுத்தளவில்தான் வெற்றி.

29 அக்டோபர் 2023, டோக்கியோ
மறுபடி தென்னோ ஷோ. 1:55.2. டோசன் ஜோர்டன் 2011-இல் வைத்த 1:56.1 இதோடு போயிற்று. புல்தரை 2000 மீட்டரில் உலகிலேயே வேகமான நேரம். ஜாக் டோர் 57.7-இல் இழுத்த வேகத்தில் முன்னால் ஓடியவை வாடின. இரண்டாம், மூன்றாம் இடங்களைப் பிடித்தவை பின்னாலிருந்து வந்தவை. மூன்றாவது இடத்தில் ஒட்டிக்கொண்டே ஓடிய ஈக்வினாக்ஸ் மட்டும் கடைசி 600-ஐ 34.2-இல் முடித்தது. போன வருடத்து 32.7-ஐவிட இந்த 34.2 பெரிய சாதனை; இதில் ஓய்வெடுத்த கட்டமே இல்லை.

26 நவம்பர் 2023
ஜப்பான் கப். ஈக்வினாக்ஸுக்கு 58 கிலோ, மூன்று வயதுப் பெண்குதிரை லிபர்ட்டி ஐலண்டுக்கு 54. நான்கு கிலோ சலுகை. இருந்தும் அதற்கு நான்கு நீளத் தோல்வி. பாந்தலாஸா மறுபடி தனியே ஓடியது, இந்த முறை யாரும் பதறவில்லை.

30 நவம்பர் 2023
ஓய்வு அறிவிப்பு. 10 ஓட்டம், 8 வெற்றி, 2 இரண்டாமிடம், தொடர்ந்து ஆறு ஜி1. நான்கு வயதுதான், இன்னொரு வருடம் ஓட விட்டிருக்கலாம். அடுத்த இடம் தந்தை கிடாசன் பிளாக் நிற்கும் ஷடாய் ஸ்டாலியன் ஸ்டேஷன் என்ற இனப்பெருக்கப் பண்ணை.