மதர்போர்டு போய்விட்டது என்றார்கள், போனது ஹார்ட் டிஸ்க்

பழைய லேப்டாப் லோகோ வரை வந்து, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்து, தானாக அணைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறதா? உடனே கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். நான் கொடுத்த கடையில் ஸ்விட்சைப் போட்டுப் பார்த்ததோடு சரி, "போர்டு போயிருச்சு சார், செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்றார்கள். தயங்கி நின்றதும் "ஃபார்மேட் அடிச்சுப் பார்க்கட்டுமா?" என்று அடுத்த கேள்வி. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அப்பாவின் பத்திர ஸ்கேன்களும் தங்கை கல்யாணப் படங்களும் அதில்தான் இருந்தன. செக்கிங் சார்ஜ் கட்டிவிட்டுத் திரும்ப வாங்கி வந்துவிட்டேன்.

வீட்டில் வந்து பார்த்தால் அடிமூடியில் சில திருகுகளைக் காணோம். உள்ளே டிஸ்கைப் பிடித்திருக்கும் தகடும் இல்லை. போனில் கேட்டதற்கு, "வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு." இனி எந்தக் கடையில் கொடுத்தாலும் அடிப்பக்கத்தை அவர்கள் கண்முன்னாலேயே போட்டோ எடுத்துவிட்டுத்தான் கொடுப்பேன்.

போர்டு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பென் டிரைவ் போதும். அதில் விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் ஏற்றி, ஹார்ட் டிஸ்கைத் தொடாமல் அதிலிருந்தே லேப்டாப்பைத் தொடங்கலாம், அதாவது பூட் செய்யலாம். சிக்கல் வருவது பென் டிரைவில் மின்டை ஏற்றும் ரூஃபஸ் செயலியில்தான். லேப்டாப்பைத் தொடக்கிவைக்கும் பயாஸ் பழைய லெகசி முறையில் இருந்தால் ரூஃபஸில் பார்ட்டிஷன் வகையாக எம்பிஆர் தேர்ந்தெடுக்க வேண்டும், புதிய யுஇஎஃப்ஐ முறை என்றால் ஜிபிடி. இது பொருந்தாவிட்டால் பென் டிரைவ் பூட் ஆகாமல் போகலாம், போர்டுதான் கெட்டுவிட்டது போல என்று நாமே நம்பிவிடுவோம். பொருத்தமாகப் போட்டதும் மின்ட் திரை பளிச்சென்று வந்தது. சத்தம் போட்டு வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டேன்.

அதிலுள்ள 'டிஸ்க்ஸ்' செயலியில், டிஸ்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் விவரத்தைத் திறந்தால் உண்மை தெரிந்துவிட்டது: படிக்க முடியாத செக்டர்கள், அதாவது டிஸ்கின் சிறு சிறு பகுதிகள், ஏகப்பட்டவை. இந்த நிலையில் டிஸ்கைச் சோதித்துச் சரிசெய்யும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்க் ஓட்டவே கூடாது. சாகக் கிடக்கும் டிஸ்க் அந்த உழைப்பைத் தாங்காது. முதல் வேலை, வேண்டியதை வெளியே எடுப்பது. வேறொரு டிஸ்கை மாட்டி, கெட்ட டிஸ்கிலிருந்து நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ கருவியை ஓடவிட்டேன். அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வருகிறது. பத்திரங்கள் முழுசாக வந்தன. சில கல்யாணப் படங்கள் பாதி சாம்பல் நிறமாகிவிட்டன, அந்த வருத்தம் இருக்கிறது.

அப்புறம் சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு. ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போட எஸ்எஸ்டி, தகடு, திருகு எல்லாம் கிடைத்தன. திருகின் நீளத்தைப் பார்த்து வாங்குங்கள், கொஞ்சம் நீண்டாலும் மேல்பக்கம் கைவைக்கும் பிளாஸ்டிக்கைக் குத்திவிடும். அலைய வைத்தது ரேம்தான். என்னுடையது இன்டெல்லின் நான்காம் தலைமுறை ஐ3 சிப், அதற்கு 1.35 வோல்ட் டிடிஆர்3எல் ரக ரேம் வேண்டும். தெளிவாகச் சொல்லியும் 1.5 வோல்ட் டிடிஆர்3 கொடுத்து "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றார் கடைக்காரர். மாட்டினால் கறுப்புத் திரை. மாற்றுவதற்காக மறுபடி அந்த வெயிலில் போக வேண்டியதாயிற்று. ஸ்டிக்கரில் பிசி3எல் என்று, கடைசியில் அந்த 'எல்' இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

மின்ட் நிறுவியது டீ குடிக்கும் நேரத்தில் முடிந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, 11 இந்தப் பழைய சிப்பை முறைப்படி ஏற்காது. அதனால் மின்டே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். தங்கை மகன் இப்போது அதில்தான் தட்டச்சு பழகுகிறான்.

எஸ்எஸ்டி விற்ற இடத்தில், பழைய டிஸ்கைக் கொடுத்தால் கொஞ்சம் குறைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். கொடுக்கவில்லை. பூட் ஆகாத டிஸ்கிலிருந்து என்னால் பத்திரங்களை எடுக்க முடிந்தது என்றால் வேறு யாராலும் முடியும்.