முசாண்டா போத்து: உப்புத் தண்ணீர் ஊரில் வேர் பிடிக்க வைக்கும் விதம்

முசாண்டா அழகுக்கு வளர்க்கும் புதர்ச்செடி. அதில் வெள்ளை 'டோன்யா அரோரா', இளஞ்சிவப்பு 'டோன்யா லஸ்' இரண்டுமே விதை வைப்பதில்லை. பூ என்று நாம் ரசிப்பது பெரிதாக விரிந்த புல்லிவட்டத்தைத்தான். நிஜப் பூ நடுவில் சின்ன நட்சத்திரம்போல ஒளிந்திருக்கும். 1915-இல் பிலிப்பைன்சின் மகிலிங் மலைக்காட்டில் கிடைத்த செடியிலிருந்து கிளை கிளையாகப் பெருகி வந்ததுதான் டோன்யா அரோரா. மாதவரம், செங்குன்றம் பக்கத்து நர்சரிகளுக்கு ஆந்திராவின் கடியத்திலிருந்து லாரி வரும்போது ஒன்றிரண்டு சேர்ந்து வரும். அடுத்த லோடில் இருக்கும் என்று நம்பிக் காத்திருக்க முடியாது. ஒன்று கையில் வந்தால் போத்து போட்டு, அதாவது கிளையை வெட்டி நட்டு, பெருக்கிக்கொள்வதே வழி.

வேர் வராவிட்டால் எல்லோரும் முதலில் வேர் ஊக்கியைத்தான் மாற்றிப் பார்க்கிறார்கள். வடசென்னையில் திருவொற்றியூர், எண்ணூர், தண்டையார்பேட்டை பக்கம் முதலில் பார்க்கவேண்டியது தண்ணீரை. தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் பேனாவை போர் தண்ணீரில் விட்டால் பல தெருக்களில் 1000-க்கு மேல் காட்டும். வேர் உள்ள செடி அதை ஓரளவு தாங்கும். வேரே இல்லாத தண்டு தாங்காது. இலை ஓரம் பழுப்பாகி 10 நாளில் உதிர்ந்துவிடும். 300-க்குக் கீழ் இருக்கும் தண்ணீர் வேண்டும். மழைத் தண்ணீர் நல்லது. ஏசி குழாயில் சொட்டுவதும் போதும், ராத்திரி ஒரு பக்கெட் வைத்தால் காலையில் தேவைக்குக் கிடைக்கும். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைத் தொடவே வேண்டாம், உப்பெல்லாம் சேர்ந்து வருவது அதில்தான்.

அதே உப்பு கோகோபீட்டிலும் (தேங்காய் நார்த்தூள் கட்டி) இருக்கும். 650 கிராம் கட்டி ஊறினால் 8, 9 லிட்டர் வரும். அதைக் குறைந்தது மூன்று முறை அலசிப் பிழிய வேண்டும். பிழிந்த தண்ணீர் 500-க்குக் கீழ் வந்தால் நிறுத்தலாம். பாதிக்குப் பாதி பெர்லைட் (பொரிபோன்ற வெள்ளைக் கல்துகள்) சேர்த்தால் வேலை சுலபம். எம்-சாண்ட் என்றால் மாவுபோன்ற தூசியைச் சலித்துக் கழுவியபிறகே சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் டம்ளருக்குள் சிமெண்ட் மாதிரி இறுகிக்கொள்ளும். காசிமேட்டுக் கடற்கரை மணல் சும்மா கிடைக்கிறதே என்று யாரும் அள்ள வேண்டாம். உப்பு கழுவினால் போகும், சிப்பிச் சுண்ணாம்பு போகாது.

ஆடிப் பட்டம் தேடி விதை என்பது விதைக்குச் சொன்னது. போத்துக்கு ஆடி ஆகாது. பகலெல்லாம் வறட்டு மேல்காற்று அடித்து இலையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஆவணி பாதியிலிருந்து புரட்டாசி வரை ஒரு பருவம், தை, மாசி இன்னொன்று. கத்திரி வெயிலில் முயற்சியே வேண்டாம்.

முந்தின நாள் சாயங்காலம் தாய்ச்செடிக்கு நிறையத் தண்ணீர் விட்டு, காலை 6 மணிவாக்கில் வெட்ட வேண்டும். புண்ணாக்குக் கரைசல், யூரியா எல்லாம் 2 வாரம் முன்னாலேயே நிறுத்தியிருக்க வேண்டும். கொழுத்த குருத்து அழுகத்தான் செய்யும். எந்தக் கிளை சரி என்பதை விரலே சொல்லும்: வளைத்தால் கொஞ்சம் இணங்கி, பிறகு 'டக்'கென்று ஒடிய வேண்டும். ஒடியாமல் வளைந்துகொண்டே போனால் இளசு. வளையவே மறுத்தால் முற்றல். பென்சில் கனம், 5 அங்குலம், 3 கணு. பூ மொட்டு உள்ள கிளை வேண்டாம். அடி வெட்டு கணுவுக்கு 3, 4 மில்லிமீட்டர் கீழே, புது பிளேடால். கத்தரிக்கோல் தண்டை நசுக்கும். மேல் ஜோடி இலையை மட்டும் விட்டு, அதையும் பாதியாக நறுக்க வேண்டும்.

இப்போதுதான் ஊக்கி. 100 கிராம் டால்க் பவுடருக்கு 0.3 கிராம் ஐபிஏ என்ற வேர் ஊக்கி, அதாவது 3000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 3000 பங்கு). ஐபிஏ தண்ணீரில் சரியாகக் கரையாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கரைத்து டால்க்கோடு பிசைந்து நிழலில் உலர்த்த வேண்டும். 0.3 கிராமை வீட்டுத் தராசில் நிறுக்க முடியாது, மில்லிகிராம் காட்டும் நகைத்தராசு வேண்டும். அது இல்லாதவர்கள் உரக்கடையில் கிடைக்கும் பிளானோஃபிக்ஸைப் பயன்படுத்தலாம், ஆனால் டப்பாவில் போட்ட அளவு இதற்கு உதவாது. 4.5 லிட்டருக்கு 1 மில்லி என்றால் வெறும் 10 பிபிஎம். பூ உதிராமல் இருக்க அது போதும், வேருக்குப் போதாது. 100 மில்லி தண்ணீருக்கு 2.2 மில்லி கலந்தால் ஏறக்குறைய 1000 பிபிஎம். அடி ஒரு அங்குலம் 5 நொடி முக்கினால் போதும். அதிலிருப்பது என்ஏஏ என்ற இன்னொரு ஊக்கி. அளவு கூடினால் அடித்தண்டு கருகும்.

200 மில்லி கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் டம்ளரில் 4 ஓட்டை போட்டு, அதை ஒரு கறுப்பு நர்சரி கவருக்குள் வைக்கலாம். கவரை இறக்கினால் வேர் தெரியும், பிடுங்கிப் பார்க்கிற ஆசையும் வராது. பென்சிலால் முதலில் குழி போட்டுவிட்டு 2 அங்குலம் இறக்க வேண்டும். நேராகக் குத்தினால் பவுடர் மேலேயே வழிந்து நின்றுவிடும். மேலே மூட, ஒழுகுகிற பழைய 20 லிட்டர் தண்ணீர் கேன் அருமையான பொருள். ஹேக்ஸா பிளேடால் அடியை அறுத்துக் கவிழ்த்தால் நடுவில் ஒன்று, சுற்றி 6 என்று 7 டம்ளர் அடங்கும். வாய் மூடியே இருக்கட்டும், காலையில் 10 நிமிடம் மட்டும் திறந்து மூடலாம். மொட்டை மாடியானால் 75% ஷேட் நெட்டுக்குக் கீழே. நேர் வெயில் அரை மணி பட்டாலே கேனுக்குள் இட்லிப் பானைதான்.

கேன் சுவரில் பனித்துளி இருக்கும்வரை தண்ணீர் வேண்டாம். முசாண்டா இலையில் பூனைமயிர் உண்டு, ஸ்ப்ரே அடித்த தண்ணீர் அதில் தங்கிப் பூஞ்சையைக் கூப்பிடும்.

தண்டின் அடியிலிருந்து கறுப்பு ஏறினால் பெரும்பாலும் பித்தியம் என்ற அழுகல் கிருமி. உடனே கார்பென்டசிம் என்ற பூஞ்சைமருந்தை ஊற்றுகிறார்கள். அது பித்தியத்துக்குக் கேட்காது. மெட்டலாக்சில் மருந்து கேட்கும், ஆனால் கறுத்த தண்டைக் காப்பாற்றாது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு மற்ற டம்ளர்களின் ஈரத்தைக் குறைப்பதுதான் வழி. மேலிருந்து காய்ந்து வந்தால் கேனில் காற்று புகுகிறது என்று அர்த்தம்.

3-ஆம் வாரம் பச்சைத் தளிர் வரும். அதை நம்பிக் கேனை எடுத்துவிடுவதுதான் அதிகமாக நடக்கிற தப்பு. அது தண்டில் சேர்ந்திருந்த சாப்பாட்டில் வந்த தளிர், கீழே வெறும் வெள்ளைத் திரட்சி மட்டும் இருக்கும். வேர் டம்ளர் ஓரத்தைத் தொட 6 முதல் 8 வாரம் ஆகும். 10-க்கு 6 பிழைத்தால் நல்ல கணக்கு. புரன்ஃபெல்சியா என்ற பூச்செடிக்கும் இதே முறைதான், இன்னும் 2 வாரம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

வேர் 2 அங்குலம் ஆனதும் கேனின் மூடியை 3 நாள் திறந்து வைத்து, பிறகு கேனைச் சாய்த்து 4 நாள், அதன்பின் எடுத்துவிடலாம். 6 அங்குலப் பைக்கு மாற்றும்போது வேரில் ஒட்டிய கலவையை உதறக்கூடாது. உரம் முதல் 3 வாரம் கிடையாது. 4 ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளினால் கீழ்க்கணுவிலிருந்து இரண்டு கிளை வெடிக்கும்.