கவுரிக் காட்டில் ஒரு சனிக்கிழமை

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் படிக்க வருகிறவர்களில் நிறையப் பேர் ஸ்கை டவரைப் பார்த்துவிட்டு, ஒன்றிரண்டு கடற்கரைக்குப் போய்விட்டு, மிச்ச நாளையெல்லாம் அசைன்மெண்ட்டிலும் பகுதிநேர வேலையிலும் கழித்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். நகரத்துக்கு மேற்கே, காரில் ஒரு மணி நேரத்துக்குள், சுமார் 16,000 ஹெக்டேர் பரப்புக்கு, கவுரி என்கிற பெரிய மரங்கள் நிற்கும் வைட்டாக்கரே மலைக்காடு இருக்கிறது. அதைப் பார்க்காமல் போகக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாம் போக வேண்டிய பீஹா என்கிற கடற்கரை ஊர்ப் பக்கம் பஸ் வசதி இல்லை. எங்களோடு தங்கியிருக்கும் மலேசியத் தமிழ் அண்ணன் ஒருவர் கார் வைத்திருக்கிறார், முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார். பெட்ரோல் செலவைப் பங்குபோட்டுக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலையில் கிளம்பினோம். வழியில் அராடாக்கி பார்வையாளர் மையத்தில் நின்றோம். வாசலில் பெரிய மரத்தூண் நிற்கிறது, இந்தக் காட்டுக்கு உரிய ‘தே கவெராவ் ஆ மாக்கி’ என்ற மாவோரிப் பூர்வகுடி மக்களின் முன்னோர்களை அதில் செதுக்கியிருக்கிறார்கள். மையத்தின் மேடையிலிருந்து பார்த்தால் காடு அப்படியே இறங்கிப்போய் மனுக்காவ் கழிமுகத்தில் முடிகிறது.

அங்கிருந்து பீஹா. கிளென் எஸ்க் சாலையின் கடைசியில் காரை விட்டுவிட்டு நடந்தால் பாதையின் தொடக்கத்தில் ஒரு நிலையம் குறுக்கே வருகிறது. ஷூவின் அடிப்பாகத்தைப் பிரஷில் தேய்த்து, கிருமிநாசினி மருந்தில் நனைத்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். நான் மேலோட்டமாகத் தேய்த்ததும் அண்ணன் நிறுத்தினார். “தம்பி, அந்தப் பள்ளத்துல இருக்கிற மண்ணையும் எடு. மரத்துக்கு நோய் பரவ ஒரு சிட்டிகை போதும்.”

அவர் சொன்னது உண்மை. கவுரி என்பது நியூசிலாந்தின் வடக்குப் பகுதியில் மட்டும் இயற்கையாக வளரும் மரம், ஐம்பது மீட்டருக்கும் மேல் உயரும், ஆயிரம் வருடம் தாண்டியும் நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பல் பாய்மரத்துக்கும் வீடு கட்டவும் இந்தக் காடுகளைக் கண்மண் தெரியாமல் வெட்டித் தள்ளினார்கள், பிசினைக்கூட வார்னிஷ் செய்யத் தோண்டி எடுத்தார்கள். தப்பிப் பிழைத்ததை இப்போது மண்ணில் வாழும், பூஞ்சை போன்ற ஒரு நுண்ணுயிர் வேர் வழியாகத் தாக்கிக் கொல்கிறது. நோய் வந்த மரத்தைக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. மனிதர்களின் செருப்பில் ஒட்டிய ஈரமண் அதை ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குக் கொண்டுபோகும் என்பதால், 2017 டிசம்பரில் தே கவெராவ் ஆ மாக்கி மக்கள் காட்டுக்குள் யாரும் போகக்கூடாது என்று ராஹூய் போட்டார்கள். நம்மூர் கோயில்காட்டில் சுள்ளிகூடப் பொறுக்கக்கூடாது என்று கட்டுப்பாடு வைப்பது போன்ற தடை அது. அடுத்த ஆண்டு மே மாதம் மாநகராட்சியும் காட்டுப்பகுதியை மூடியது. பிறகு சில பாதைகளை மட்டும் சரளை போட்டு, வேரை மிதிக்காதபடி மரப்பலகை நடைபாதை அமைத்துத் திறந்தார்கள். நாங்கள் நடந்த கிட்டேகிட்டே பாதை அப்படிச் சீரமைக்கப்பட்டதுதான். ஒரு காட்டைக் காப்பாற்ற ஊரே சேர்ந்து ஷூ தேய்க்கிறது, எனக்கு இது மிகப் பெரிய விஷயமாகப் பட்டது.

உள்ளே போனதும் வெயில் குறைந்துவிட்டது. தலைக்கு மேலே குடைபோல விரிந்த மரப்பெரணிகள், இடையிடையே நிக்காவ் பனை. வெள்ளிப் பெரணியின் இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் நிஜமாகவே வெள்ளியாக மின்னுகிறது. பிவாக்கவாக்கா என்கிற விசிறிவால் குருவி எங்களை விடாமல் கூடவே வந்தது, நாம் நடக்கும்போது கிளம்பும் பூச்சிகளைப் பிடித்துத் தின்னத்தான் அப்படி வருமாம். இந்த நாட்டில் பாம்பு கிடையாது. காட்டில் காலைப் பார்த்துப் பார்த்து வைத்தே பழகிய எனக்கு, நிமிர்ந்து மேலே பார்த்துக்கொண்டே நடப்பது புதிய சுகமாக இருந்தது.

அரை மணி நேரத்தில் அருவி. நாற்பது மீட்டர் உயரம், ஒரே வீச்சாக விழாமல் பாறைப் படிகளில் தங்கித் தங்கி இறங்கி, கீழே ஒரு குளத்தில் சேர்கிறது. கோடைக்காலமாக இருந்தும் தண்ணீர் எலும்பு வரை குளிர்ந்தது. முங்கி எழுந்ததும் எல்லோரும் கத்தினோம், பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த உள்ளூர்க் குடும்பமும் சேர்ந்து கத்தியது. கட்டிக்கொண்டு போன புளிசாதத்தை அங்கேயே பாறைமேல் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

திரும்பும்போதும் ஷூவைத் தேய்த்தோம், போகும்போது மட்டும் தேய்ப்பது போதாது.

சாயங்காலம் அதே மலைக்காட்டுப் பக்கத்தில் இருக்கும் கரேகரே கடற்கரை. காரை நிறுத்தி ஐந்து நிமிடம் நடந்தாலே அருவி வந்துவிடும், வயதானவர்களைக் கூட்டிவர ஏற்ற இடம். கடற்கரை மணல் கறுப்பு. தெற்கே டரனாக்கி எரிமலைப் பகுதியிலிருந்து கடல் நீரோட்டம் கொண்டுவந்து சேர்த்த இரும்புத்தாது அதில் நிறைய இருக்கிறது, என் போன் உறையின் காந்தத்தில் மீசைபோல ஒட்டிக்கொண்டது. வெயிலில் இந்த மணலில் வெறுங்காலோடு நடக்க முடியாது, செருப்பு கட்டாயம்.

அடுத்தது வைப்போவா காடு. அங்கேதான் ‘டானே மஹூட்டா’ நிற்கிறது, இப்போது உயிரோடு இருப்பதில் மிகப் பெரிய கவுரி, 51 மீட்டர். அண்ணன் ஆய்வேட்டைக் கொடுத்து முடித்ததும் போகலாம் என்றிருக்கிறார். வடக்கே நீண்ட தூரம் ஓட்ட வேண்டும், விடியும் முன்பே கிளம்ப வேண்டியிருக்கும்.