பிசென் தொக்குரி: சூளை திறந்தாச்சு

ஜப்பானில் ஒகாயாமா மாநிலத்தின் இம்பேயில், பிசென் எனப்படும் மட்பாண்டங்களின் ஊரில், ஒரு குயவரின் பட்டறையில் சாகே என்ற அரிசி மதுவுக்கான பாத்திரங்கள் வனையப் பழகி வருகிறேன். சாகே ஊற்றும் குடுவை தொக்குரி, குடிக்கும் சிறு கிண்ணம் குயினோமி. அவர் சூளையில் என் சாமான்களுக்கும் ஓர் ஓரம் ஒதுக்கினார். அது ஆறி, போன வாரம் திறந்தோம்.

இங்கே மண்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஹியோசே என்ற இந்தக் களிமண்ணை நெல்வயலுக்கு அடியிலிருந்து தோண்டி எடுக்கிறார்கள். இரும்புச்சத்து அதிகம், மெருகுப் பூச்சு கிடையாது. அவசரமாகச் சூடேற்றினால் வெடித்துவிடும். அதனால் பைன் விறகு போட்டு, இரவு பகலாகப் பத்து நாளுக்கு மேல் எரித்து, மெல்ல மெல்ல 1,200 டிகிரிக்கு மேல் கொண்டுபோகிறார்கள்.

குயினோமி சீக்கிரம் கைக்கு வந்துவிட்டது. தொக்குரி அப்படியில்லை. முதலில் உருளையாகத் தூக்கி, வயிற்றை உள்ளிருந்து தள்ளி, அப்புறம் கழுத்தை ஒடுக்க வேண்டும். ஒடுக்கியபின் விரல் உள்ளே போகாது. நுனி வளைந்த ஒரு குச்சியை விட்டுத்தான் வயிற்றைச் சரிசெய்ய முடியும். அளவும் ஏமாற்றும். காய்ந்து சுடும்போது மண் நீளவாக்கில் 15 சதவீதம் சுருங்கினால் கொள்ளளவில் கிட்டத்தட்ட 40 சதவீதம் போய்விடும். எனக்கு வேண்டியது இரண்டு கோ, அதாவது 360 மில்லி. அதனால் 590 மில்லி பிடிக்கிற மாதிரி வனைந்தேன். சுட்டபின் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால், இரண்டு கோ கழுத்தின் அடியில் வந்து நிற்கிறது.

எனக்கு உயிர் ஹிதாசுகிதான். வைக்கோலைத் தட்டி மென்மையாக்கி, காய்ந்த குயினோமியில் சுற்றி, சாம்பல் படாதபடி ஒரு பெரிய பாத்திரத்துக்குள் வைத்துச் சுடுவது. வைக்கோலில் உள்ள பொட்டாசியம் மண்ணின் மேற்பரப்பை இளக்குகிறது. சூளை மெதுவாக ஆறும்போது அந்த இடத்தில் இரும்பு சிவப்புப் படிகமாகப் படிகிறது. வைக்கோல் எரிந்து போனாலும் தொட்ட தடம் அப்படியே நிற்கும். என் கிண்ணத்தில் வெளிர் மஞ்சள் உடம்பின் மேல் செம்மஞ்சள் கோடுகள் ஓடுகின்றன. இரண்டு வைக்கோல் தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று கிடந்த இடத்தில் மட்டும் நிறம் அடர்ந்து, ஓரம் கசிந்தாற்போல் இருக்கிறது. தூரிகையால் இதை வரையவே முடியாது.

தொக்குரியை நெருப்புக்குப் பக்கத்தில் திறந்தபடி வைத்திருந்தோம். பறந்து வந்த பைன் சாம்பல் ஒரு பக்கத் தோளில் மட்டும் உருகி, எள் தூவியது போலப் படிந்திருக்கிறது. இதற்கு இங்கே கோமா என்று பெயர். மறுபக்கம் வெறும் செம்பழுப்பு. எனக்கு அந்த வெறுமையான பக்கம்தான் அதிகம் பிடித்திருக்கிறது.

வாய் விளிம்பை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்தாகிவிட்டது. ஊற்றி நிமிர்த்தும்போது கடைசித் துளி கழுத்தில் வழியாமல் உள்ளே திரும்புகிறது. இந்த வேலையில் எனக்கு மிகுந்த நிறைவு தந்தது இதுதான். அடுத்த சூளைக்கு இன்னொரு தொக்குரி காய்கிறது. அதற்கு வைக்கோலைத் தோளில் மட்டும், சாய்வாக, கொஞ்சமாகச் சுற்றப் போகிறேன்.