மெட்ராஸ் டெரஸ் வீட்டுக்குக் கரண்ட் பைப் போட்ட அனுபவம்

வேலூர் வேலப்பாடியில் எங்கள் வீடு மெட்ராஸ் டெரஸ் தளம் போட்டது. தேக்கு உத்திரம், அதன்மேல் குறுக்குக் கட்டைகள், அதற்கும் மேல் குத்திட்டு அடுக்கிய செங்கல், சுண்ணாம்புக் காரை. தாத்தா காலத்து மரக்கட்டை வயரிங்தான் போன வருடம் வரை ஓடிக்கொண்டிருந்தது. ரப்பர் உறை போட்ட வயர். லேசாக வளைத்தாலே உறை பொடியாக உதிரும். எர்த் வயர் கிடையவே கிடையாது. மே மாதத்தில் இந்த ஊர் நாற்பது டிகிரியைத் தாண்டும்போது ஏசி இல்லாமல் அம்மாவால் தூங்க முடியவில்லை. அந்தப் பழைய வயரில் ஏசியை ஓட்டினால் தீப்பிடிக்கும். அதனால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பிவிசி பைப் போட்டுப் புதிதாக வயரிங் செய்தோம். இந்த மாதிரி பழைய வீடுகள் இந்தப் பக்கம் நிறைய இருப்பதால்தான் விவரமாக எழுதுகிறேன்.

வேலை பார்த்தவர் கஸ்பாவிலிருந்து வந்த பாய், கூட ஒரு பையன். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு பாய் முதலில் சொன்னது இதுதான்: "தம்பி, வயரை எப்ப வேணா மாத்திக்கலாம். பைப்பை மாத்தணும்னா சுவரை உடைக்கணும். யோசிக்கிறதை எல்லாம் இப்பவே யோசிச்சிடுங்க."

யோசித்தோம். தளத்தில் உளி வைக்கவே கூடாது என்பது முதல் முடிவு. சுண்ணாம்புக் காரையில் நிற்கும் செங்கல். அதிர்ச்சி கொடுத்தால் பிடிப்பு விட்டுப்போகும். எனவே மேலே மட்டும் பைப் வெளியே தெரியும்படி, உத்திரத்தின் பக்கவாட்டை ஒட்டியே ஓடும். இரண்டடிக்கு ஒரு கிளாம்ப். சுவரில் இறங்கும் பைப் மட்டும் உள்ளே புதையும். வெளியே தெரிந்தால் அசிங்கமாக இருக்குமே என்று அம்மா தயங்கினார். உத்திரத்தின் நிறத்திலேயே பெயிண்ட் அடித்தபிறகு, காட்டினால்தான் தெரிகிறது.

சுவரில் காடி (பைப் புதைக்கும் பள்ளம்) எடுப்பது எப்போதும் நேர் மேலிருந்து கீழாகத்தான். குறுக்கே நீளமாக வெட்டினால் சுவரின் பலம் போகும், அதுவும் நாலரை இன்ச் சுவர் என்றால் தொடவே வேண்டாம். நேராக இறக்குவதில் இன்னொரு லாபமும் உண்டு. சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலே ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். சுண்ணாம்புப் பூச்சைச் சுத்தியலால் தட்டினால் பலகை பலகையாகப் பெயர்ந்து வரும். முதலில் கட்டிங் மெஷினால் இரண்டு பக்கமும் கோடு போட்டுக்கொண்டு, நடுவில் இருப்பதை மட்டும் உளியால் எடுத்தார்கள். தூசிக்கு அளவே இல்லை. சுவரை நனைத்துக்கொண்டே வெட்டச் சொல்லுங்கள். பாத்திரம், துணி எல்லாவற்றையும் முன்கூட்டியே வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள்.

பைப்பில் லைட், மீடியம், ஹெவி என்று மூன்று தரம் உண்டு. புதைக்கிற இடத்துக்கு மீடியத்துக்குக் கீழே வாங்காதீர்கள். லைட் பைப் கொத்தனாரின் கரண்டி பட்டாலே நசுங்கும். பைப் மேல் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 9537 என்ற எண்ணும் அச்சாகியிருக்கும், பார்த்து வாங்கலாம். விளக்கு, ஃபேன் லைனுக்கு 20 மில்லிமீட்டர் போதும். ஏசி, கீசர் லைனுக்கும், பல வயர்கள் சேர்ந்து போகிற இடத்துக்கும் 25 போட்டோம். பைப்பின் உள்வாயில் நாற்பது சதவீதத்துக்கு மேல் வயர் நிரம்பக் கூடாது என்பது பாயின் கணக்கு. நெருக்கி அடைத்தால் சூடு வெளியேறாது; நாளைக்கு ஒரு வயரை உருவ நினைத்தாலும் வராது.

இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்தது பைப் வளைக்கும் விதம்தான். கடையில் விற்கும் எல்போவில் (பைப்பைத் திருப்ப மாட்டும் வளைவுத் துண்டு) திருப்பம் ரொம்பக் குறுகல், வயர் அங்கே போய் மடங்கிக்கொள்ளும். பாய் எல்போவைத் தொடவே இல்லை. பைப்புக்குள் ஒரு நீள ஸ்பிரிங்கை, பின்னால் கயிறு கட்டி விடுகிறார். வளைய வேண்டிய இடத்தை முழங்காலில் வைத்து இரண்டு பக்கமும் மெதுவாக இழுக்கிறார். தேவையானதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வளைக்கிறார், கையை விட்டதும் பைப் சற்று நிமிர்ந்து சரியான கோணத்துக்கு வந்து நிற்கிறது. கயிறைப் பிடித்து ஸ்பிரிங்கை உருவிவிடுகிறார். உள்ளே ஸ்பிரிங் இருப்பதால் பைப் எங்கும் நசுங்கவில்லை. ஒரு பாக்ஸுக்கும் அடுத்த பாக்ஸுக்கும் நடுவில் இப்படி இரண்டு திருப்பத்துக்கு மேல் வரவிடவில்லை. வந்தால் நடுவில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ்.

பூச்சு வேலைக்கு முன்னால் எல்லா பாக்ஸிலும் பைப் வாயிலும் பழைய பேப்பரைத் திணித்து அடைத்தார்கள். அப்புறம் நான் ஒவ்வொரு சுவரையும், டேப்பை விரித்துச் சுவரோடு வைத்து, போட்டோ எடுத்தேன். தரையிலிருந்து எத்தனை அடி, மூலையிலிருந்து எத்தனை அடி என்று படத்திலேயே படிக்கலாம். பூசி மூடியபிறகு இந்தப் படங்கள்தான் ஒரே சாட்சி.

பலன் சீக்கிரமே கிடைத்தது. வயர் இழுக்கும் நாளில், ஹாலில் ஒரு பைப்பில் ஜிஐ கம்பி (வயரைக் கட்டி இழுக்க முதலில் உள்ளே விடும் இரும்புக் கம்பி) பாதியில் நின்றுவிட்டது. தள்ளினாலும் போகவில்லை, எதிர்ப் பக்கத்திலிருந்து விட்டாலும் போகவில்லை. பையன் கம்பியில் அடையாளம் வைத்துக்கொண்டு வெளியே உருவி அளந்தான். போட்டோவோடு ஒப்பிட்டுப் பார்த்தால், சரியாக ஒரு கப்ளர் (இரண்டு பைப்பை இணைக்கும் துண்டு) இருக்கும் இடம். அங்கே மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு உடைத்தோம். சொல்யூஷன் (பைப் ஒட்டும் பசை) தடவாமல் செருகியிருந்த கப்ளர் விலகி, அந்த இடுக்கு வழியாகச் சிமெண்ட் பால் உள்ளே இறங்கி உறைந்திருந்தது. வெட்டியெடுத்துப் புதுத் துண்டு வைத்து ஒட்டினார் பாய். படம் இல்லாவிட்டால் அந்தச் சுவரை முழுக்கத் திறந்திருக்க வேண்டும்.

மற்ற பைப்புகளில் வயர் சுலபமாகப் போனது. வயர் முனைகளை ஒன்றுக்குப்பின் ஒன்றாகத் தள்ளிவைத்து டேப் சுற்றி, முகப் பவுடர் தூவி, ஒருவர் ஊட்ட ஒருவர் இழுக்க வேண்டும். ஏசிக்கு டிபி பாக்ஸிலிருந்து (வீட்டு லைன்கள் எல்லாம் பிரியும் பெட்டி) தனியாக 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர், பிளக் பாயிண்டுகளுக்கு 2.5, விளக்குக்கு 1.5. எல்லாப் பாயிண்டுக்கும் பச்சை எர்த் வயர் உண்டு. டிபியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச். எர்த் குழியை மட்டும் நீங்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். எங்கள் பக்கம் கல்லும் சுக்கானும் கலந்த மண், பங்குனி, சித்திரையில் காய்ந்து பிளந்துவிடும். மண் காய்ந்தால் எர்த் சரியாக வேலை செய்யாது. குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்றுகிறோம்.

மாடியில் ஏசி வெளி யூனிட்டுக்கும் மோட்டாருக்கும் போகிற பைப்பை வடக்குச் சுவர் நிழலிலேயே கொண்டுபோனோம். நம் வெயிலில் வருடக்கணக்கில் கிடந்தால் பிவிசி நொறுங்கும். மழைத் தண்ணீர் உள்ளே போகாமலிருக்கப் பைப் வாயைக் கீழ்நோக்கி வளைத்திருக்கிறார். இன்டர்நெட் வயருக்குத் தனிப் பைப், கரண்ட் வயரோடு அதைக் கலக்கவே கூடாது.

மொட்டைமாடியிலிருந்து டிபி பாக்ஸ் பக்கத்துக்கு இன்னொரு 25 மில்லிமீட்டர் பைப்பும் காலியாக இறக்கியிருக்கிறோம். 2024-ல் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் வீட்டுச் சோலாருக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கிறது, அடுத்த வருடம் போடலாம் என்று எண்ணம். உள்ளே ஒரு ஜிஐ கம்பியை விட்டு, இரண்டு வாயையும் மூடி போட்டு வைத்தாயிற்று.