வயதானவர்களுக்குச் சீனியும் பிறசரும் இறங்கும்போது

எழுபது கடந்தவருக்குச் சலரோகமும் பிறசரும் சேர்ந்திருந்தால், வீட்டில் எல்லோருக்கும் இருக்கும் பயம் இரண்டும் ஏறிவிடுமோ என்பதுதான். ஏறினால் கண், சிறுநீரகம், இதயம் எல்லாம் வருடக்கணக்கில் கெடும், அது உண்மை. ஆனால் இறங்கினால் ஒரே இரவில் ஆளை விழுத்திவிடும். இடுப்பெலும்பு முறிந்து படுத்த பிறகு றிப்போட் நன்றாக இருந்து என்ன பயன்?

நடமாட்டமும் நினைவும் நன்றாக உள்ளவருக்கு எச்பிஏ1சி (கடந்த இரண்டு, மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 7 - 7.5க்குள் இருப்பது நல்லது. பல நோய்களோடும் மறதியோடும் இன்னொருவர் உதவியில் வாழ்பவருக்கு 8 வரை விடலாம். இன்சுலின் போடும் 85 வயதுக்காரருக்கு 6.2 வந்தால் அதைக் கொண்டாடக்கூடாது. எந்த நேரத்தில் சீனி இறங்குகிறது என்று தேட வேண்டும்.

பிழை பல வேளை கிளினிக் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. வெறுவயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டும் என்பதால் காலமைக் குளிசை எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகிறார்கள். சலரோகக் குளிசையும் இன்சுலினும் சாப்பாட்டோடுதான் என்பதால் அவற்றைப் பிந்திப் போடுவது சரி. பிறசர்க் குளிசையை வழமையான நேரத்தில் ஒரு மிடறு தண்ணீரோடு போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். போடாமல் போனால் அளவு 170, 180 என்று காட்டும். டொக்டர் மருந்தைக் கூட்டுவார். வீட்டுக்கு வந்து கூட்டிய மருந்தை ஒழுங்காகப் போட்டதும் பிறசர் தேவைக்கு மேல் இறங்கும். போடவில்லை என்றால் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள், கொப்பியைப் பார்த்து அவருக்கு அது தெரியவராது. மத்தியானம் வரை வரிசையில் காத்திருக்க நேரலாம், அதனால் இரத்தம் எடுத்ததும் சாப்பிட இரண்டு துண்டு பாணாவது பையில் இருக்கட்டும்.

வீட்டில் பிறசர் பார்க்கும்போது ஐந்து நிமிடம் பேசாமல் கதிரையில் சாய்ந்து இருக்க வேண்டும். கால் நிலத்தில், கை மேசையில், பட்டை இதய மட்டத்தில். அதற்கு முந்திய அரை மணித்தியாலத்தில் தேத்தண்ணி வேண்டாம், சலமும் போய்விட்டு வாருங்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் அளவு கூடக் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தரம் பார்த்து இரண்டையும் எழுதுங்கள். வீட்டில் 135/85 என்பது கிளினிக்கில் 140/90க்குச் சமம்.

பலரும் செய்யாத ஒன்று, நிற்கவைத்துப் பார்ப்பது. ஐந்து நிமிடம் படுத்திருந்தபின் ஒருமுறை, எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மறுபடி. மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் கொப்பியோடு டொக்டரிடம் போங்கள். நீர் போகவைக்கும் குளிசை, சலப்பைக்கும் பிறசருக்கும் கொடுக்கும் பிறசோசின், பழுதுபட்ட நரம்பு, இவற்றில் எதுவும் காரணமாகலாம். எங்கள் பழைய வீடுகளில் கக்கூஸ் வளவுக்குள் தள்ளி இருக்கும். இரவு இரண்டு மணிக்கு எழும்பி இருட்டில் நடப்பவர்தான் விழுகிறார். கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் இருந்துவிட்டு எழும்ப வேண்டும். பாதையில் லைற் வேண்டும். நீர் போகும் குளிசை இரவில் எழுதப்பட்டிருந்தால் காலமைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள்.

இனிச் சீனி. மீற்றரில் 70க்குக் கீழே வந்தால் குறைவு, 54க்குக் கீழே ஆபத்து. வியர்வை, நடுக்கம், படபடப்பு என்பவை இளையவர்களுக்கு வரும் அறிகுறிகள். முதியவர் பேச்சுக் குழறுவார், சம்பந்தமில்லாமல் கோபப்படுவார், பகலில் தூங்கி வழிவார். வயதுக்கோளாறு என்று விட்டுவிடுகிறார்கள், அல்லது பக்கவாதம் என்று பதறுகிறார்கள். அற்றனலோல், புறப்பிறனோலோல் போன்ற பிறசர், இதயக் குளிசைகள் போடுபவருக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம், வியர்வை மட்டும் மிஞ்சும். சந்தேகம் வந்தால் முதலில் விரலைக் குத்திப் பாருங்கள். மீற்றர் இல்லையென்றால் சீனி குறைந்ததாகவே எண்ணி நடந்துகொள்ளுங்கள்.

அரைக் கிளாஸ் தண்ணீரில் மூன்று, நான்கு தேக்கரண்டி சீனி கரைத்துக் கொடுத்துப் பதினைந்து நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். ஏறாவிட்டால் அதே அளவு மறுபடி. ஏறியபின் பிஸ்கற், பாண், சோறு என்று ஏதாவது சாப்பிடவையுங்கள். சொக்லேற் வேண்டாம், கொழுப்பு சீனியைத் தாமதமாக்கும். பனங்கட்டி கடித்துக் கரைய நேரம் எடுக்கும். (சாதாரண நாளில் “பனங்கட்டி சீனி இல்லையே” என்று தேத்தண்ணியோடு கடிப்பவருக்கும் சொல்லிவைக்கிறேன், அதுவும் பெரும்பாலும் சீனிதான்.) நினைவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. பக்கவாட்டில் சரித்துப் படுக்கவைத்து 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.

இதில் அதிகம் மாட்டிவிடுவது குளிபென்கிளமைட் என்ற சலரோகக் குளிசை. சிறுநீரகம் தளர்ந்த உடலில் நீண்ட நேரம் நிற்கும், அதனால் தெளிந்தவருக்கு மூன்று மணித்தியாலத்தில் மறுபடி இறங்கலாம். கிளிக்கிளசைட்டும் இறக்கும், ஆனால் ஆபத்துக் குறைவு. இந்த வகைக் குளிசையால் மயங்கியவரை, எழும்பிக் கதைத்தாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். மெற்போமின் தனியாக இப்படி இறக்குவது அரிது. அதற்கு வேறு கணக்கு: சிறுநீரகம் வடிகட்டும் அளவு (றிப்போட்டில் eGFR) 45க்குக் கீழே போனால் குளிசையின் அளவைக் குறைப்பார்கள், 30க்குக் கீழே நிறுத்துவார்கள். பல வருடம் போடுகிறவருக்கு, அதுவும் மரக்கறிக்காரருக்கு, வைற்றமின் பி12 குறையலாம். கால் விறைப்பெல்லாம் சலரோகத்தாலேயே என்று முடிவுகட்ட முன் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நாரி நோ, முழங்கால் நோ என்று பாமசியில் வாங்கும் டைக்குளோபெனக் பிறசரை ஏற்றும். லொசாட்டனோ எனலாப்பிறிலோ, கூடவே நீர் போகும் குளிசையும் போடுபவருக்குச் சிறுநீரகத்தையே நிறுத்திவிடக்கூடும். பனடோல் போதும். வயிற்றோட்டமும் சத்தியும் வந்தால் இந்தப் பிறசர்க் குளிசைகளையும் மெற்போமினையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று அன்றே கேளுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி நீட்ட விருப்பமில்லை. குரக்கன் பிட்டும் பிட்டுத்தான், அளவுதான் முக்கியம். உப்பு நாளுக்கு ஒரு மட்டத் தேக்கரண்டிக்குள், அதற்குள்ளேயே கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய் எல்லாம் அடங்க வேண்டும். லொசாட்டன் போடுபவர் “உப்புக்குப் பதில்” என்று விற்கும் பொட்டாசியம் உப்பை வாங்கவே கூடாது.

கந்தசஷ்டி, கௌரி விரதம் என்று ஒருநேரம் சாப்பிடுபவர்கள் குளிசையை மட்டும் இரண்டு நேரமும் போடுவது நேரடி ஆபத்து. இரண்டு கிழமைக்கு முன்பே கிளினிக்கில் சொன்னால் அளவையும் நேரத்தையும் மாற்றித் தருவார்கள். “70க்குக் கீழே வந்தால் விரதம் முடிக்கிறேன்” என்று முதலிலேயே வீட்டாரிடம் ஒத்துக்கொள்ள வேண்டும்.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெயிலேறிய மண்ணில் வெறுங்காலோடு நடந்து, உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் போட்டது தெரியாமலே வீட்டுக்கு வருபவர் உண்டு. காலமைப் பூசைக்கு வெள்ளெனப் போய்விட்டு வெயிலேற முன் திரும்புங்கள். வீட்டுக்கு வந்ததும் பாதத்தின் அடியையும் விரலிடுக்கையும் இன்னொருவர் பார்க்க வேண்டும். கொப்புளத்தை உடைக்காமல், சுத்தத் துணியால் மூடி, அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள்.