வாடை எழும்பும் முன்

அக்டோபர் 8
அப்பாவின் ஆபரேஷன் பற்றி தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் இல்லை. அப்பா காலையிலேயே கேட்டார்: "வாடை எழும்பிடுச்சா?" வடக்கிலிருந்து வரும் அந்தக் காற்று இன்னும் இல்லை.

அக்டோபர் 10
விடியும்போதே கோடியக்கரைக் காட்டுக்குள் போய்விட்டேன். பாலை மரத்தடியில் கொடிக்கால் வாலாட்டிக் குருவி. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் அடிக்கும்; இது பின்னுடம்பையே இடமும் வலமும் ஆட்டுகிறது. ராத்திரிதான் வந்திறங்கியிருக்க வேண்டும். மேலே, ஈயைப் பிடித்துப் பிடித்து அதே கிளைக்குத் திரும்பும் அரசவால் ஈப்பிடிப்பான். நன்றாகத் தின்கின்றன. அப்பா அரை இட்லியோடு எழுந்துவிட்டார்.

அக்டோபர் 13
வந்துவிட்டது! ஆறுமணிக்குருவி. நேற்றைய மழையில் ஊறிய சருகை அலகால் புரட்டிப் புரட்டி மண்புழு இழுத்துக்கொண்டிருந்தது. பச்சை முதுகு, வாலடியில் சிவப்பு, வால் என்று பெயருக்கு ஒரு துண்டு. இமயமலை அடிவாரத்திலிருந்தோ நடு இந்தியக் காடுகளிலிருந்தோ வந்திருக்கிறது, 50, 60 கிராம் உடம்பை வைத்துக்கொண்டு. சாயங்காலம் அந்த இரண்டு சுர விசில் கேட்டது. அப்பாவிடம் விசிலடித்துக் காட்டினேன். சிரித்தார்.

அக்டோபர் 14
போன் இல்லை.

அக்டோபர் 16
மூன்று பேர் கேமராவோடு வந்து, போனில் ஆறுமணிக்குருவியின் குரலை ஓடவிட்டு வரவழைக்கிறார்கள். களைத்து வந்த பறவை தின்பதை விட்டுவிட்டு எதிரியைத் தேடி அலைகிறது. நேராகப் போய் நிறுத்தச் சொன்னேன். குரல் நடுங்கியது. நிறுத்தினார்கள்.

அக்டோபர் 19
தூக்கமில்லை. இங்கிருந்து யாழ்ப்பாணக் கரை 50 கிலோமீட்டருக்குச் சற்று மேல். சில ஆறுமணிக்குருவிகள் இந்தப் பக்கமே தங்கிவிடும், சில கடலைத் தாண்டி இலங்கைக்குப் போகும். போவதானால் கொழுப்பு வேண்டும். ஆய்வுக்காகப் பறவையின் காலில் வளையம் போடுகிறவர்கள் வயிற்று இறகை ஊதி விலக்கி, தோலுக்கடியில் மஞ்சளாகக் கொழுப்பு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். அதுதான் வழிச்செலவு. அது இல்லாமல் நடுக்கடலில் எதிர்க்காற்று பிடித்தால்? இறங்க ஒரு குச்சி கிடையாது. அப்பாவின் எடை இன்னும் குறைந்திருக்கிறது. மயக்க மருந்து தாங்குமா என்று யாரிடம் கேட்பது?

அக்டோபர் 21
வாடை! அப்பா திண்ணையிலிருந்தே கண்டுபிடித்துவிட்டார். கஞ்சி முழுதும் குடித்தார்.

அக்டோபர் 22
மரத்தடியில் பறவை இல்லை. முட்செடி மேல் பழுப்புக் கீச்சான் மட்டும் கத்திக்கொண்டிருந்தது. திரும்பும்போது போன் வந்தது. திங்கட்கிழமை சேர்க்கச் சொல்கிறார்கள். ரத்தம் கொடுக்க இரண்டு பேர் வேண்டுமாம். சித்தப்பாவிடம் கேட்க வேண்டும், அப்புறம் வண்டி.